காந்தல் சாய்ந்த பக்கம்

சுன்யே தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் மிருகங்களை வரைந்தவள். பேசும் முயல், தொப்பி போட்ட கரடி, குதிரை ஏறும் தவளை. அவற்றில் ஒன்றைக்கூட உண்மையில் தான் வரைந்ததில்லை என்பது கணவர் இறந்த குளிர்காலத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவளுடைய வேலை அப்படி. சியோலில் வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்களை வரைந்து அனுப்பும் கூடங்களில் பத்தொன்பது வயதில் சேர்ந்தாள். மூல ஓவியர்கள் நீலப் பென்சிலில் உருண்டையும் கட்டமுமாகக் கிறுக்கி அனுப்புவார்கள். அதன் மேல் புதுத் தாளை வைத்து, கீழே விளக்கைப் போட்டு, கிறுக்கல் எதுவும் இல்லாமல் ஒரே சுத்தமான கோடாக எடுத்துத் தருவது அவள் பிரிவு. அவள் கோடு நடுங்காது. மேற்பார்வையாளர் திருத்தம் சொன்னால் அது மஞ்சள் தாளில் வரும். மஞ்சள் தாள் வந்துவிட்டால் பேச்சே கிடையாது. அதை மேலே வைத்து அப்படியே எடுத்துவிட வேண்டும். கேள்வி கேட்டவர்கள் சீக்கிரம் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். சுன்யே ஓய்வு பெறும் வரை இருந்தாள்.

கணவர் தால்சூ ஊருக்குள் ஓடும் சிற்றுந்து ஓட்டினார். பணிமனையில் வளர்ந்த ஒரு நாயை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். குட்டியாக இருந்தபோது ஏதோ கார் ஏறி இடது இடுப்பு உடைந்து, கோணலாகவே ஒட்டிக்கொண்ட நாய். சோற்றுப் பானையின் அடியில் ஒட்டிய காந்தலின் நிறம். அதனால் பெயரும் காந்தல். வீட்டுக்கு வந்த பிறகும் அவரோடு தினமும் பணிமனைக்குப் போகும். ஒவ்வொரு நடைக்கும் நடுவில் தால்சூ இயந்திரத்தில் காப்பி பிடித்துக் குடிக்கும்போது அது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அது செத்த அடுத்த வருஷமே அவரும் படுக்கையில் விழுந்தார்.

"என் கல்லறைக்குக் கல்விளக்கு, கல்தூண்னு அண்ணன் ஆரம்பிப்பார். விட்டுடாதே," என்றார் ஆஸ்பத்திரியில். "வைக்கிறதா இருந்தா காந்தலைக் கல்லுல செஞ்சு வை."

"நாயையா? குடும்பக் கல்லறை மலையிலயா? உங்க அண்ணன் என்னையும் அங்கேயே புதைச்சிடுவார்."

"புதைக்கட்டுமே. பக்கத்துல இருப்பே."

அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் கடைசி.

அவருடைய அண்ணன், அவளுக்கு மூத்தார், கோஸான் என்ற ஊர்ப் பக்கத்து விவசாயி. அந்தப் பக்கத்து மனிதர்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். மாட்டேன் என்ற வார்த்தை அவர்கள் வாயில் வராது. "செய்யேன்" என்பார்கள், அதற்கு அர்த்தம் செய்யாதே. திதி முடிந்து சுன்யே விஷயத்தைச் சொன்னதும் மூத்தார் வெகுநேரம் காய்ந்த சீமைப் பனிச்சைப் பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வை. வைக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா."

இத்தனை வருஷம் மருமகளாக இருந்தவளுக்கு அது புரிந்தது. அவர் கிண்ணத்தில் அரிசிக் கள்ளை ஊற்றினாள். இன்னொரு முறை ஊற்றினாள். கிண்ணம் காலியாவதும் நிறைவதுமாக இருந்தது.

"முழங்காலுக்கு மேல உசரம் கூடாது," என்றார் கடைசியில். "அவன் கல்லறைக் கல்லுக்குப் பக்கத்துல கூடாது. கீழ, பாதை ஓரமா. அப்புறம் ஏம்மா, பார்த்தா நாய்னு தெரியணும். உன் டிவி பொம்மை மாதிரி கண்ணை உருட்டிக்கிட்டு நின்னா, எங்க முப்பாட்டனெல்லாம் எழுந்து வேற மலைக்குப் போயிடுவாங்க."

"சரிங்க அத்தான்."

"வர்ற உபரி மாசத்துல வைக்கலாம். அதை விட்டா அடுத்தது எப்போ வருமோ. வந்தாலும் நான் இருக்கணும். இருந்தாலும் எனக்கு இதே மனசு இருக்கணும்."

அந்த வருஷம் சந்திர நாட்காட்டியில் இரண்டாம் மாதம் இரண்டு தடவை வந்தது. அப்படி உபரியாக வரும் மாதத்தில் தெய்வங்களும் பேய்களும் மனிதர்களைக் கவனிப்பதில்லை. கல்லறையில் கைவைக்க அதுதான் தோதான காலம். பனி உருகுவதற்குள் கல்வெட்டுகிறவரிடம் படத்தைக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் காந்தல் இல்லை.

கல்வெட்டுகிறவர் பெயர் குக். நெடுஞ்சாலை ஓரத்தில் கல் ஆமைகளும் புத்தர்களும் பனியை முதுகில் சுமந்து நிற்கிற முற்றம் அவருடையது. சுன்யே பக்கவாட்டில் வரைந்த காந்தலை நீட்டினாள். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினார்.

"கோடு கத்தி மாதிரி இருக்குங்க. எங்க கத்துக்கிட்டீங்க? சரி, முன்பக்கம்?"

முன்பக்கத்தையும் நீட்டினாள். அவர் இரண்டையும் அடுத்தடுத்துப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த நாயும் இந்த நாயும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல போலிருக்கே."

சுன்யேவுக்குக் காது சுட்டது.

"பக்கவாட்டை மட்டும் வச்சு வெட்டினா, அச்சுல சுடற மீன் பன்னு மாதிரிதான் வரும். தட்டையா. மேல இருந்து பார்த்தா எப்படி, பின்னால இருந்து எப்படின்னு எனக்குத் தெரியணும். கல்லோட எல்லா முகத்துலயும் நான் வரைஞ்சுக்கணும்ல."

"போட்டோ நிறைய இருக்கு. அதைப் பார்த்துச் செய்ய முடியாதா?"

"செய்வேன். என் நாய் வரும். உங்க நாயை நான் தொட்டதில்லையே."

வீட்டுக்கு வந்து மேலிருந்து பார்த்த காந்தலை வரைய உட்கார்ந்தாள். பென்சில் தாளைத் தொட்டு நின்றது. பின்தொடர்ந்து போக அடியில் கோடு எதுவும் இல்லை. வெற்றுத் தாளில் ஒரு நாயின் முதுகு எங்கே ஆரம்பிக்கும் என்றே அவளுக்குத் தெரியவில்லை. எத்தனையோ ஆயிரம் நாய்களை எடுத்த கை அது.

சனிக்கிழமைகளில் மிருகக்காட்சிசாலையில் கூடி வரைகிற ஒரு குழுவைப் பற்றி நூலகத்து அறிவிப்புப் பலகையில் பார்த்திருந்தாள். அங்கே போனாள். அந்தக் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, வயதும் கிடையாது. ஆளுக்கு ஒரு மிருகப் பெயர். வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் நீர்யானை. கணினி விளையாட்டுகளுக்கு மிருக உருவங்கள் செய்கிற சோயுல் என்ற பெண் ஒட்டகம். முப்பது வயது இருக்கும், வாயில் பூட்டு கிடையாது. மதியம் வரை வரைவார்கள். பிறகு நூடுல்ஸ் கடை மேசையில் படங்களைப் பரப்பி, பறக்காமல் இருக்க மேலே கமலாப்பழங்களை வைப்பார்கள். யாருடைய படமோ அவர் பேசக் கூடாது. மற்றவர்கள் முதலில் எது தரையில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும், பிறகு எது மிதக்கிறது என்று. சொல்கிறவர் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளை மேலே வைத்துச் சிவப்புப் பென்சிலில் போட்டுக் காட்ட வேண்டும்.

"இந்த ஓநாயை உருண்டையும் பெட்டியுமா கட்டுங்க அக்கா," என்று சோயுல் முதல் நாளே சொன்னாள். "தோலைப் பார்க்காதீங்க. நெஞ்சுக்கூடு ஒரு கிம்ச்சி ஜாடி, படுக்க வச்சது. இடுப்பு ஒரு டோஃபு கட்டி. நடுவுல தொங்கற பாலம் முதுகெலும்பு. கழுத்துன்னா நீள அரிசிக் கொழுக்கட்டை. அவ்வளவுதான்."

"ஒரே சமையலா இருக்கே."

"பசியில வரைஞ்சாத்தான் நல்லா வரும்."

ஓநாய் வேலி ஓரமாக நடந்துகொண்டே இருந்தது. நின்றால் பிடிக்கலாம் என்று சுன்யே காத்திருந்தாள். அது நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் ஜாடியைப் போட்டாள், கட்டியைப் போட்டாள், பாலம் கட்டினாள். சுமாராக ஓநாய் மாதிரி ஒன்று வந்தது. மதியம் மேசையில் வைத்தபோது எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஜாடி எங்க?" என்றார் நீர்யானை.

சுன்யேவும் அப்போதுதான் பார்த்தாள். படத்தில் ஜாடி இல்லை, கட்டி இல்லை. எல்லாவற்றையும் அழித்து, சுற்றிலும் ஒரே கோடாக எடுத்திருந்தாள். எப்போது அழித்தாள் என்றே நினைவில்லை. கை தானாகச் செய்திருந்தது. நீலக் கோடு என்றால் அழுக்கு. அழுக்கோடு தாளைக் கொடுத்தால் திரும்பி வரும்.

"வீட்டைக் கட்டி முடிச்சிட்டுத் தூணையெல்லாம் உருவிட்டீங்களே அக்கா," என்றாள் சோயுல். "உள்ள யாரு குடியிருப்பா?"

அன்றே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. புலி, மான் என்று மற்றவர்கள் இருக்க, அவள் ரப்பர் அக்கா.

அடுத்த வாரம் ரப்பரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். வீட்டில் சமையலறைத் தரையில் நிஜமாகவே கிம்ச்சி ஜாடியைப் படுக்க வைத்து, அதன் பின்னால் டோஃபுவை ஒரு தட்டில் வைத்து, நாற்காலியில் ஏறி நின்று மேலிருந்து வரைந்தாள். குந்தி உட்கார்ந்து முன்னாலிருந்து வரைந்தாள். ஜாடி தன் பக்கம் திரும்பும்போது வயிறு பெருத்து, கழுத்து சிறுத்து, பின்னாலிருக்கும் கட்டி பாதி மறைவதைப் பார்த்தாள். இதுவரை மறைந்ததை மறந்துதான் அவள் வரைந்திருக்கிறாள். மறைந்தாலும் அது அங்கேயே இருக்கிறது என்பது புதிதாக இருந்தது. டோஃபு நீர் விட்டு ஒரு பக்கம் சரிந்தது. சாயங்காலம் அதையே குழம்பில் போட்டாள்.

பனி இறுகி, கைக்குள் சூட்டுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வரைகிற நாட்கள் போயின. ஒரு சனிக்கிழமை சுன்யே காந்தலைக் கொண்டுபோனாள். உட்கார்ந்த காந்தல், ஜாடியும் கட்டியும் தெரியும்படி.

"நெஞ்சு நிக்குது," என்றார் நீர்யானை. "முன்னங்கால் நல்லா நிக்குது. அட, ரப்பர் அக்கா."

"இடுப்பு மிதக்குது," என்றாள் சோயுல். மெல்லிய தாளை வைத்துச் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு இழுத்தாள். "சரிஞ்சு போச்சு பாருங்க. ரெண்டு பக்கமும் சமமா தரையில உட்காரணும். தோளும் அதே மாதிரி. இப்போ பாருங்க."

சிவப்பு நாய் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. சுன்யே பேசவில்லை. பேசக் கூடாது என்பது விதி. அந்தத் தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். வீட்டில் அதை விளக்கின் மேல் வைத்து, நடுங்காத கோட்டில் அப்படியே எடுத்தாள். அதிலிருந்தே மேலிருந்து, பின்னாலிருந்து, முன்னாலிருந்து என்று எல்லாவற்றையும் கட்டினாள். இப்போது நாய்கள் ஒன்றையொன்று அறிந்திருந்தன. மனம் நிறைந்து குக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சில நாள் கழித்து அவள் போனபோது, கல்லில் கைவைப்பதற்கு முன் அவர் களிமண்ணில் சிறியதாக ஒன்று செய்து வைத்திருந்தார். அதைப் படம் பிடித்து மூத்தாருக்கு அனுப்பியதும் அவர் உடனே கூப்பிட்டார்.

"லட்சணமான நாயா இருக்கேம்மா. நம்ம தால்சூ வளர்த்ததா இது?"

சுன்யே களிமண் நாயின் முதுகைத் தடவினாள். காந்தலைக் குளிப்பாட்டும்போது தடவுகிற மாதிரி, கழுத்திலிருந்து இடுப்பு வரை. இடது இடுப்பில் ஒரு மேடு வந்து உள்ளங்கை தடுக்கும். அங்கே சோப்பு நுரை தேங்கும். இதில் கை தடுக்கவில்லை. வழுக்கிக்கொண்டு வால் வரை போய்விட்டது.

"இன்னும் ஆரம்பிக்காதீங்க," என்றாள் குக்கிடம்.

"நாள் இல்லீங்களே அம்மா. நல்ல நாய்தானே இது?"

"நல்ல நாய்தான்."

குக் அவள் முகத்தைப் பார்த்தார். "அடுத்த வாரம் வரைக்கும் வேற வேலை பார்க்கறேன். அதுக்கு மேல கேட்காதீங்க."

சனிக்கிழமை களிமண் நாயின் படத்தை மேசையில் வைத்ததும் சோயுல் கமலாப்பழத்தை உரிப்பதை நிறுத்தினாள்.

"இது என் நாயாச்சே."

"நீ போட்ட சிவப்புக் கோட்டைத்தான் எடுத்தேன்."

"அப்படியேவா? ஏன் அக்கா?"

"திருத்தம்னா எடுக்கணும்ல. எங்க கூடத்துல மஞ்சள் தாள் வந்தா..." என்று ஆரம்பித்து, சுன்யே மஞ்சள் தாளைப் பற்றிச் சொன்னாள். நீர்யானை சிரித்துவிட்டார், அவர் அலுவலகத்திலும் அப்படித்தானாம், தாள் மட்டும் இளஞ்சிவப்பு.

"நான் உங்க மேலதிகாரி இல்லையே அக்கா. தப்பா தெரியுதுன்னுதான் சொன்னேன். எனக்கு உங்க நாயைத் தெரியுமா?"

"பேசக் கூடாதுன்னு விதி."

"பேசக் கூடாதுதான். அதுக்காக ஒத்துக்கணும்னு இருக்கா?"

சுன்யே சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு தாளை இழுத்து அவர்கள் முன்னாலேயே வரைந்தாள். ஜாடி. கட்டி; ஆனால் இடது ஓரம் மேலே ஏறி, முறுக்கிக்கொண்டு. இடது பின்னங்கால் மடங்காமல் வெளியே நீண்டது. கார் ஏறியது, ஒட்டியது, சோப்பு நுரை தேங்கியது எல்லாவற்றையும் வரைந்துகொண்டே சொன்னாள். அவள் அவ்வளவு பேசி அவர்கள் கேட்டதில்லை.

சோயுலின் கை பழக்கத்தில் மெல்லிய தாளை எடுத்து மேலே வைக்கப் போனது. சுன்யே தன் உள்ளங்கையைப் படத்தின் மேல் வைத்து மறைத்தாள்.

"வேண்டாம். அவன் அப்படித்தான்."

"சரி, தொடலை," என்றாள் சோயுல். தாளைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இடுப்பு சரிஞ்சதுதான். ஒத்துக்கறேன். அப்போ பாரமெல்லாம் எங்க போகுது? வலது பக்கம் வருது. வலது தோள் இறங்குது, தலை வெளிய தள்ளுது. இப்படி ஒரு உயிர் உட்கார முடியாது அக்கா, கவிழ்ந்துடும். ஆனா உங்க நாய் உட்கார்ந்திருக்கு. அப்படின்னா அது எதுலயோ சாஞ்சிருந்திருக்கு. எதுல?"

சுன்யே கைபேசியை எடுத்தாள். காந்தலின் படங்கள். பணிமனை வாசலில், பேருந்துச் சக்கரத்துக்குப் பக்கத்தில், பனியில். எத்தனை முறை பார்த்த படங்கள். ஒவ்வொரு முறையும் நாயைச் சுற்றி ஓடும் கோட்டை மட்டுமே அவள் பார்த்திருந்தாள். கோட்டுக்கு வெளியே இருந்ததெல்லாம் வெறும் தாள். இப்போது வலது தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் சாம்பல் நிறக் கால்சட்டையின் துணி.

"காலுல," என்றாள்.

"யார் காலுல?"

"அவர் காலுல."

நீர்யானை ஒரு கமலாப்பழத்தை எடுத்து, உரித்து, அவள் முன்னால் வைத்தார்.

"அப்போ இந்தத் தோள் இப்படித் தொங்காது," என்றாள் சோயுல், குரலைத் தாழ்த்தி. "அழுத்தும். அழுத்தினா தோள்பட்டை எலும்பு மேல எழும்பும். இந்தப் பக்கத்து மயிர் படிஞ்சிருக்கும். நீங்களே போடுங்க. நான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

அப்படி வரைந்த படங்களைத்தான் சுன்யே குக்கிடம் கொடுத்தாள். எதையும் அழிக்கவில்லை. ஜாடியும் கட்டியும் தப்பாகப் போட்டுத் திரும்பப் போட்ட கோடுகளும் எல்லாம் இருந்தன. கொடுக்கும்போது கை கூசியது.

"கொஞ்சம் அழுக்கா இருக்கு."

"இருக்கட்டும். இப்போதான் உள்ள நாய் இருக்கு." குக் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எதுல சாயறான்?"

"தனியாத்தான் இருப்பான். அத்தான் பாதை ஓரமாத்தான் வைக்கச் சொல்லியிருக்கார்."

"அப்போ விழப்போற மாதிரி தெரியுமேம்மா."

"விழுந்துடுவானா?"

"கல்லு விழாது, அடியில அகலம் இருக்கு. பார்க்கறவங்களுக்குத்தான் கை நீளும்."

சுன்யே யோசித்தாள். சாய்வைக் குறைத்து நிமிர்த்திவிடலாம், மூத்தாருக்குப் பிடித்துப்போகும். கோணலாக நிற்பதைப் பார்த்து அவர் எடுத்துக்கொண்டு போ என்று சொன்னாலும் சொல்வார்.

"அப்படியே வெட்டுங்க," என்றாள்.

உபரி மாதத்தில், மலை முழுக்கச் செந்நிற மலைப்பூ பூத்திருந்த ஒரு காலையில் குக்கின் ஆட்கள் காந்தலை மேலே தூக்கி வந்தார்கள். மூத்தார் சொன்ன இடத்தில், கீழே பாதை ஓரமாக இறக்கினார்கள். அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முழங்காலைப் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்தார்.

"கண்ணு உருட்டலை," என்றார். அவ்வளவுதான்.

தால்சூவின் புதைமேட்டுக்கு முன்னால் பழமும் மீனும் வைத்து, கள் ஊற்றி, எல்லோரும் விழுந்து வணங்கினார்கள். இரண்டாவது வணக்கத்தில் மூத்தார் எழும்போது தலையைத் திருப்பி நாயைப் பார்த்தார். முடிந்ததும் நேரே அதனிடம் போனார்.

"ஏம்மா, இது விழுந்துடும் போல இருக்கே."

"விழாதாம் அத்தான். அடி அகலமாம்."

"ம்." ஒரு சில்லுக் கல்லைத் தேடி எடுத்து அடியில் செருகினார். தள்ளி நின்று பார்த்தார். மறுபடியும் வந்து, சில்லை உருவிப் போட்டுவிட்டு, வலது தோளுக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்துப் பார்த்தார். கையை எடுக்க மனம் வராதவர் மாதிரி அப்படியே நின்றார். குக்கின் ஆட்கள் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"தம்பிங்களா," என்றார். "இதைக் கொஞ்சம் மேல தூக்குங்க."

"எங்கங்க?"

"அந்தக் கல்லு பக்கம். இன்னும் மேல. இன்னும் கிட்ட. என்னப்பா பயப்படறீங்க, ஒட்டி வைங்க. ஒரு ஆதரவு வேணாமா அதுக்கு."

தால்சூவின் பெயர் வெட்டிய கல்லோடு காந்தலின் வலது தோள் போய்ச் சேர்ந்தது. எழும்பியிருந்த தோள்பட்டை சரியாகக் கல்லின் விளிம்பில் அமர்ந்தது. விழப்போகிற நாய் இல்லை இப்போது. நெடுநேரமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிற, இன்னும் உட்கார்ந்திருக்கப் போகிற நாய்.

"இப்போ பரவாயில்லை," என்றார் மூத்தார். கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

சுன்யே குனிந்து கழுத்திலிருந்து தடவிக்கொண்டு வந்தாள். கருங்கல் சில்லென்று இருந்தது. இடது இடுப்புக்கு வந்ததும் உள்ளங்கை தடுக்கி நின்றது. அவள் அங்கேயே கையை வைத்திருந்தாள்.

பின்னால் மூத்தார் தொண்டையைச் செருமினார். கள் கெண்டியும் ஒரு காலிக் கிண்ணமும் அவர் கையில் இருந்தன.

"நாய்க்கெல்லாம் ஊத்தணும்னு ஒண்ணும் இல்ல," என்று சொல்லிக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார்.